அழும்போது கண்ணீர் வருகிறதா?

எங்கள் வீட்டில் குழந்தை அழுதால் யாருக்கும் பொறுக்காது. சாவிக்கொத்தை ஆட்டுவார்கள், செல்போனில் பாட்டுப் போடுவார்கள், வாசலில் போகிற ஆட்டைக் காட்டுவார்கள். அந்த வீட்டிலிருந்து வந்த என்னிடம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் லேடி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே விநோதமாக இருந்தது.

"அழுறப்ப கண்ணீர் வருதா?"

என் மகளுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. முந்தின நாளிலிருந்து வாந்தி, தண்ணீராகப் பேதி. எத்தனை துணி, என்ன நிறம், என்ன நாற்றம் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கண்ணை மட்டும் பார்க்கவில்லை. டாக்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டார். அந்த மடிப்பு உடனே அமுங்காமல் நின்று, மெதுவாகப் படிந்தது. பிள்ளை வாயைக் கோணி அழுதாள். சத்தம் வந்தது, கண் காய்ந்து கிடந்தது.

"ஒடம்புல தண்ணியே இல்லங்க. குடிக்க என்ன குடுத்தீங்க?"

கூட வந்திருந்த அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, முந்திக்கொண்டார். "குடுக்கக் குடுக்கத்தானே போகுதுன்னு நிறுத்தி வச்சோம் டாக்டர். பல்லு மொளைக்கிற பேதிதானே."

இலுப்பூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். டாக்டர் கோபப்படவில்லை. "போறதுக்கு ஈடா உள்ள போகணும்ங்க. தாய்ப்பாலையும் நிறுத்தாதீங்க" என்றார். டிரிப்ஸ் ஏற்றினார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுவது என் வேலை. ரோட்டா வைரஸாக இருக்கும் என்றும், கண்ணீர் வந்தால் தன்னிடம் சொல்லும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

வைரஸ் என்றதும் எனக்குள் இருந்த துப்பறியும் புத்தி விழித்துக்கொண்டது. டாக்டர் மறுபடி வந்தபோது விடவில்லை. அதற்குத்தான் சொட்டு மருந்து போட்டோமே? "போட்டாலும் சில பிள்ளைக்கு வரும்ங்க. ரொம்ப மோசமாகாம அது காப்பாத்தும்." தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தானே தருகிறேன், பிறகு எப்படி நுழைந்தது? "பிள்ளைய யாரெல்லாம் தூக்குனாங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

யார் தூக்கவில்லை என்று கேட்டிருக்கலாம். அந்த வாரம்தான் விராலிமலையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். அங்கே மடி மடியாகப் போனவள், பந்தி முடிந்துதான் என் கைக்குத் திரும்பினாள். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். கொஞ்சியவர்கள் பாதிப் பேர், பல் முளைத்திருக்கிறதா என்று வாய்க்குள் விரலை விட்டு ஈறைத் தடவிப் பார்த்திருந்தார்கள். நான்கூட ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேதிக்குப் பல்லைக் குற்றம் சொன்ன எங்களுக்கு, பல்லைத் தேடிய விரல் ஞாபகமே வரவில்லை. டாக்டரிடம் சொன்னேன். அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றார். எனக்கு அந்த 'இருக்கலாம்' போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு பிள்ளை சிணுங்கினாலே கண்ணுக்கு நேரே குனிந்துவிடுவேன். ஒன்றும் வராது. பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் துணி அலசிவிட்டு வந்து பார்த்தால், இரண்டு கண்ணிலும் அப்பியிருக்கிறது மை.

"வார்டுல வர்றவுக போறவுக கண்ணெல்லாம் புள்ள மேலதான் இருக்கு" என்றார் அண்ணி.

"ஆஸ்பத்திரிலயுமா? சொன்னாக் கேக்கவே மாட்டீங்களா அண்ணி?" என்று கத்திவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தார். டிரிப்ஸ் ஊசி இருந்த கை வீங்கியிருந்ததால் மறு கையில் மாற்றிக் குத்தினார். பிள்ளை வீறிட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மா சாவிக்கொத்தைக் குலுக்கினார். அண்ணி செல்போனை எடுத்தார்.

"யாரும் சமாதானப்படுத்தாதீங்க! அழட்டும்!"

இவளெல்லாம் ஒரு தாயா என்பதுபோல வார்டே என்னைப் பார்த்தது. நான் பிள்ளையின் கண்ணைப் பார்த்தேன். இடது கண்ணின் ஓரத்தில் மை பளபளத்தது. கொஞ்சம் கரைந்தது. பிறகு ஒரு கறுப்புக் கோடு மெல்லக் கிளம்பிக் காதுப் பக்கம் இறங்கியது.

அண்ணி பதறி முந்தானையை எடுத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடைக்காதீங்க அண்ணி. டாக்டர் வந்து பாக்கட்டும்."

"மை போட்டதுக்குத் திட்டுவாகளே."

"திட்டட்டும்" என்றேன். எனக்கும் கண்ணீர் வந்துகொண்டிருந்தது.