ஒரு பக்கத்தில் முடியாதவை

எங்கள் அக்கா, கந்தர்வக்கோட்டைக்கு அருகே முந்திரிக் காடுகள் சூழ்ந்த சிற்றூரில் மூத்த மகளாகப் பிறந்தார். பாம்பு தீண்டி அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அம்மாவோடு சேர்ந்து முந்திரிக்கொட்டை உடைத்து, தோல் உரிந்த விரல்களால் பிளஸ் டூ தேர்வு எழுதினார். அங்கன்வாடிப் பணியில் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார். அத்தானை மணந்து, ஒரு மகளைப் பெற்று, கடுஞ்சொல் பேசாமல் வாழ்ந்தார்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் தொடங்கிய அவரது வாசிப்பு, கிளை நூலகத்தின் தடித்த நாவல்கள்வரை வளர்ந்தது. அங்கன்வாடி மாதக் கூட்டத்துக்குப் புதுக்கோட்டை போகும் பேருந்தில் படித்துக்கொண்டே இறங்குமிடத்தைத் தவறவிட்டதைத் தானே சொல்லிச் சிரிப்பார். கவிதை மட்டும் பிடிக்காது. "என்னடா இது, பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று மூடிவைத்துவிடுவார்.

மார்பில் இருந்த கட்டி நுரையீரலுக்கும் பரவிவிட்டதாகத் தஞ்சாவூரில் மருத்துவர் சொன்ன வாரம், வழக்கம்போல ஒரு பெரிய நாவலோடு போனேன். அக்கா அதைத் தொடவில்லை.

"வேணாம் தம்பி. முடிக்க முடியுமான்னு பயமா இருக்கு. கவிதை இருந்தாக் கொண்டா. ஒரு பக்கத்துல முடிஞ்சிரும்ல?"

அதுவரை அக்கா எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. நூலக அலமாரியிலிருந்து ஒரு கவிதைத் தொகுப்பை எடுத்தேன். திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரையிட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தேதியைப் பார்க்க அஞ்சி அட்டையை மூடிக்கொண்டேன்.

முதலில் ஏதோ மருந்து குடிப்பதுபோலத்தான் படித்தார். ஆறுதல் சொல்லும் கவிதைகளைத் தள்ளிவைத்தார். "பயமே இல்லாதவங்க எழுதுனது மாதிரி இருக்கு" என்றார். பிறகு, வீட்டுக்காரர்கள் காலி செய்துபோன வீட்டின் கொடியில் மறந்துவிட்ட ஒரு சட்டையைப் பற்றிய எட்டு வரிக் கவிதை வந்தது. நான்கு நாள் அதையே படித்தார்.

"இதுல யாரும் செத்துட்டதாச் சொல்லல தம்பி. ஆனா நெஞ்ச அடைக்குது. ஒரு பக்கத்துல முடியும்னு நெனச்சேன், முடிய மாட்டேங்குது."

அதன்பின் கேட்டுக் கேட்டு வாங்கிப் படித்தார். கண் மங்கியபோது வாசிக்கும் வேலை எனக்கு வந்தது.

"பேப்பர் படிக்கிற மாதிரி ஓடாத. நடுவுல எடம் விட்டுருக்காங்கல்ல, அங்க நில்லு."

"நின்னா ஒன் மூச்சுச் சத்தம் கேக்குதுக்கா. பயமா இருக்கு."

"எனக்குந்தான் கேக்குது. நில்லு."

நின்றேன். அடுத்த மூச்சு வரும்வரை அடுத்த வரிக்குப் போகவில்லை. கவிதையை எப்படிப் படிப்பதென்று எனக்குத் தெரிந்தது அந்த நாட்களில்தான். அத்தான் மட்டும் அந்த நேரங்களில் எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்படி நின்று வாசித்த மூன்றாம் நாள் காலை நான் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மகள் கையைப் பிடித்திருக்க, அக்கா எங்களைப் பிரிந்தார்.

வீடு தேடி வந்து ஊசி போட்ட செவிலியர் சகோதரிக்கும், தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்த அங்கன்வாடி உதவியாளர் அம்மாவுக்கும், காரணம் கேட்காமல் தேதியை நீட்டித்துத் தந்த நூலகருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த நினைவு மலருக்கு அக்காவின் படத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அத்தான் கேட்டார்: "மாப்ள, அவ கடைசில பயந்தாளா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

"பயந்துச்சு அத்தான். ஆனா ஒளிச்சு வைக்கல."

அத்தான் ஒரு படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதான் வெளிய போயிருவேன். அவகிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார்.