குறிக்குக் கீழே ஒரு கோடு

வாரியத்து ஆய்வாளர் வந்தபோது குடிசையில் அப்பா, அம்மா, அக்கா, தம்பி, நான் என ஐந்து பேர் இருந்தோம். சித்தப்பா இல்லை. அவர் எப்போதுமே எங்களோடு இருந்ததில்லை. நங்கநல்லூரில் தன் குடும்பத்தோடு இருந்தார். ஆனால் மனுவில் ஆறாவது பெயராக அவரை எழுதியிருந்தேன்.

மயிலாப்பூர்க் கால்வாய்க்கரையில் மழைக்கு மழை தண்ணீர் உள்ளே வரும் குடிசை எங்களுடையது. வாரியம் கட்டிய மாடி வீடுகளுக்கு மனு கேட்டிருந்தார்கள். குடும்பத்தில் ஐந்து பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாக்கியங்களைப் பெரிது, சிறிது குறிகள் போட்டுச் சமனிலிகளாக மாற்றும் கணக்கை அந்த வாரம்தான் பள்ளியில் தொடங்கியிருந்தார்கள். எல்லோரும் பார்க்கக் கதவில் சாக்பீஸால் x > 5 என்று எழுதினேன்.

"நம்ம அஞ்சு பேரு பத்தாதா?" என்றார் அப்பா.

"அஞ்சு அஞ்சைவிடப் பெரிசா, நைனா?" என்று சிரித்தேன். பையனின் படிப்பை எண்ணி அவரும் சிரித்தார். சித்தப்பாவைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது அம்மா.

ஆய்வாளர் ஆறாவது ஆள் எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்: "சித்தப்பா பொங்கலுக்குத்தான் வரும்."

ஆய்வாளர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"அஞ்சுக்குக் குறையாமன்னா அஞ்சு பேரே போதுமேய்யா. பொய் எழுதி நீயே கெடுத்துக்கினியே. யார் எழுதினது இது?"

கதவில் சாய்ந்து, முதுகால் அந்த எழுத்தை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். குறிக்குக் கீழே ஒரு கோடு போட்டிருந்தால் போதும், ஐந்தும் அதில் அடங்கியிருக்கும்.

"நான்தான் சார் அப்டி எழுதச் சொன்னேன். படிக்காதவன், புரியல," என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

மனு தள்ளுபடியானது. அன்று சட்டையைக் கழற்றியபோது அதன் முதுகில் சாக்பீஸ் தூள். அப்பா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்டிருக்கலாம்.

அடுத்த மழையில் குடிசை சரிந்தது. ஆழ்வார்பேட்டையில் ஓர் அறைக்கு மாதம் முப்பது ரூபாய் வாடகை. வாரிய வீட்டுக்குப் பத்து ரூபாய்தான். நான் வேலைக்குப் போகும்வரை ஆறு வருஷம், மாதாமாதம் இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார் அப்பா. ஆயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.