பழைய ராடு போட்ட வேன்

அப்பா ஓட்டியது பள்ளிக்கூட வேன். ஆனையூர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அதில்தான் வருவோம். நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை லீவில் அது புகை கக்க ஆரம்பித்தது. செல்லூரில் ஒரு பாயின் ஒர்க்‌ஷாப்பில் இஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டார்கள்.

அம்மாவும் நானும் போனபோது வாக்குவாதம் முற்றியிருந்தது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் பழைய ராடுகள் நான்கும் கழுவியும் கறுத்தே கிடந்தன. பக்கத்தில் மாமா வாங்கி வந்த வேறு கம்பெனிப் புது ராடுகள், சீர்வரிசைப் பாத்திரம்போலப் பளபளத்தன.

"ஓடித் தேஞ்சத மறுபடி மாட்டாதீக மச்சான். முறிஞ்சா இஞ்சினயே கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துரும்" என்றார் மாமா.



பாய் அவசரப்படவில்லை. "பழசு வண்டியோட வந்தது. விரிசல் இல்ல, வளைவு இல்ல, சோதிச்சுட்டேன். புதுசு நாலும் நாலு எடையா இருக்கு. சரி பண்ணிப் போடலாம். ஆனா இரும்பு எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்க."

ஊரார் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி. அப்பா இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் கேட்டாள்.

"உங்க வண்டின்னா எதப் போடுவீக பாய்?"

"பழசத்தான். போல்டும் பேரிங்கும் மட்டும் புதுசு."

"அப்ப அதையே போடுங்க."

மாமாவின் முகம் தொங்கிவிட்டது.

வண்டி தயாரான அன்று சாயங்காலம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார் அப்பா. "நாங்களும் வாரோம்" என்றாள் அம்மா. முன் சீட்டுக்கு ஓடிய என்னை இழுத்து, கடைசி வரிசையில் மாமாவோடு உட்காரவைத்துவிட்டு, தான் முன்னால் ஏறிக்கொண்டாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அதைவிடப் பயம். ராடு எந்த நேரமும் தரையைக் கிழித்துக்கொண்டு வருமென்று கால்களைத் தூக்கிச் சீட்டின்மேல் மடக்கிக்கொண்டேன்.

விளாங்குடி தாண்டியதும் அப்பா வேகத்தைக் கூட்டினார். வெகுதூரம் போய் ஓரங்கட்டி, இஞ்சினை ஓடவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

"தையல் மிஷின் மாதிரில்ல ஓடுது மச்சான்!" முதலில் கத்தியது மாமாதான். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் என் கால்கள் தரைக்கு இறங்கின.

ரோட்டோரத்தில் அப்பா எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். அம்மா மட்டும் தம்ளரைப் பிடித்தபடி வெகுநேரம் குடிக்காமல் நின்றாள். சூடு ஆறட்டும் என்று நிற்பதாக நினைத்தேன். அந்த வேனில் இஞ்சின் இருப்பது முன் சீட்டுக்கு நேர் அடியில் என்பது எனக்கு அப்போது தெரியாது.