சுருதி பிசகாத மனிதர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைத் திருச்சபையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சுருதிப்பெட்டி' என்றால்தான் தெரியும். அவர் காதுபடவே அப்படிச் சொல்வார்கள். அவரும் உள்ளுக்குள் பூரித்துப்போவார். கடையில் லென்ஸைத் தேய்த்து, பிரேமில் பொருத்தி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மயிரிழை பிசகினாலும் ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுப்பார். சபையின் பாடகர் குழுவையும் அப்படித்தான் நடத்தினார். "அவர் வீட்டுல குக்கர்கூடப் பயந்து பயந்துதான் விசில் அடிக்கும்" என்று குழுவில் கட்டைக்குரல் பாடும் பஸ் டிரைவர் கேலி செய்வார்.

அவர் மனைவி மழலையர் பள்ளி டீச்சர். இருவரும் பழகியதே அந்தக் குழுவில்தான். மற்றவர்கள் மூச்சு வாங்கும் உயரத்தில் அவள் குரல் அலட்டிக்கொள்ளாமல் போய் நிற்கும். "அவர் உன்னைக் கட்டிக்கலடி, உன் குரலைக் கட்டிக்கிட்டாரு" என்று கல்யாணத்தன்று தோழிகள் சீண்டியதை அவள் சிரித்தபடி ஏற்றுக்கொண்டாள்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்குத் தைராய்டில் கட்டி வந்தது. ஆபரேஷனில் கட்டி போயிற்று. கூடவே குரலின் மேல்பாதியும் போயிற்று. பேச்சில் லேசான கரகரப்பு, பாட்டில் நடுவழியில் ஒரு உடைசல். "பாடப் பாடத்தான் சரியாகும், விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

அந்தச் சமயத்தில்தான் சபையின் ஸ்தோத்திர ஆராதனையை நேரலையில் காட்ட ஏற்பாடாயிற்று. ஒத்திகையில் அவர் நாலைந்து முறை கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். யார் குரல் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் பாட்டுத்தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் மனைவியிடம் வந்தார். குரலைத் தணிக்கக்கூட இல்லை.

"நீ சத்தம் விட வேணாம். வாயை மட்டும் அசை."

"அதுக்கு நான் கீழயே உக்காந்துக்கிறேனே."

"நீ இல்லன்னா வரிசையில இடம் காலியாத் தெரியும். இந்த ஒரு தடவைதான். அப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் வாயை மட்டும் அசைத்தாள். அந்த வீடியோ சபை சபையாகச் சுற்றியது. வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் கடையில் அவர் அதையே ஓடவிட்டார். பாராட்டியவர்களுக்கெல்லாம் 'மகிமை கர்த்தருக்கே' என்று பதில் போடுவார். போட்ட கையோடு அடுத்த பாராட்டு வந்துவிட்டதா என்று பார்ப்பார். படுக்கப்போகுமுன் வேதம் வாசித்துக்கொண்டிருந்தவர், வீடியோ பார்த்துவிட்டுப் படுத்தார். திருவிருந்தில் அப்பத்தைக் கையில் வாங்கும்போதும், டிரைவர் இரண்டாம் அடியைப் பிந்தி எடுத்ததுதான் மனதில் ஓடியது. 'அப்புறம்' வரவே இல்லை. ஞாயிறுதோறும் வேறு சபைகளில் பாட அழைப்புகள் வந்தன. ஞாயிறுதோறும் அவள் வாயசைத்தாள்.

ஒருநாள் அவளே சொன்னாள்: "முட்டி வலிக்குதுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. செய்தது எல்லாவற்றையும்விட, அன்று நெஞ்சில் எழுந்த அந்த 'அப்பாடா'வைத்தான் பின்னாளில் அவரால் மறக்க முடியவில்லை.

மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது, தலைவலி என்று ஒரு மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். உள் அறையில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். குரல் உடைந்தது, நின்று மூச்செடுத்தது, மறுபடி ஏறியது, மறுபடி உடைந்தது. குழந்தை 'ங்கா' என்று பதில் சொன்னது. இருவரும் முதன்முதலில் சேர்ந்து பாடிய பாட்டு அது. அவர் காது பிழை தேடவில்லை. கதவருகில் அப்படியே நின்றார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் நின்றுபோயிற்று. குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"அம்மா எப்பவும் இப்படித்தாம்ப்பா," என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த மகள். "நீங்க இருந்தா பாட மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

நேரே போதகரிடம் போனார். போதகர் வயதில் இளையவர். கடைக்காரர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எனக்குத் தெரியும்ணே," என்றார் போதகர். "பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நம்ம சபைக்குப் பேர் கிடைக்குதேன்னு நானும் வாயைத் திறக்கல."

"விக்கிரகம்னா கல்லுல இருக்கும், வேற யாரோ கும்பிடுவாங்கன்னு நெனச்சிட்டேன், பாஸ்டர். இது பாட்டு. அதுவும் கர்த்தரோட பாட்டு."

"அதனாலதாண்ணே நம்ம ரெண்டு பேர் கண்ணுலயும் படல."

இருவரும் முழங்கால் போட்டார்கள். எத்தனையோ ஜெபப் பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்தவருக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் பாட ஆசைப்பட்டவர்களை எல்லாம் குழுவில் சேர்த்துக்கொண்டார். முதலில் வந்து நின்றது, ஊருக்கே கேட்கிற மாதிரி அபசுரமாகப் பாடும் தையல்காரர். ஆரம்பத்தில் கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். நாளாக ஆக, தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு எதற்காகப் பாடுகிறார் என்று கவனிக்கத் தொடங்கினார். வெளியழைப்புகள் குறைந்து நின்றுபோயின. அது அவருக்கு வலித்தது. வலிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டபோது அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே மன்னிச்சிட்டேங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்கல."

"அப்ப ஒரு வரி பாடேன். எப்படி வந்தாலும் சரி."

அவள் முயன்றாள். வாய் திறந்தது. கழுத்திலிருந்த தழும்பு ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை.

"நீங்க கேக்குறீங்கன்னு தெரிஞ்சாலே அடைச்சுக்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

இப்போதெல்லாம் காலையில் சீக்கிரமே கடைக்குக் கிளம்பிவிடுகிறார். வாடிக்கையாளர் வர நேரம் இருக்கும். பாதி ஏற்றிய ஷட்டருக்குள் உட்கார்ந்து ஜெபிக்கிறார், முதலில் அவளுக்காக. சில நாள் தெருமுனை தாண்டுமுன்பே பின்னால் அவள் பாடும் குரல் எழும். திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் வேகமாக நடப்பார்.