பதினேழு வயதுப் பெருமை

குன்னத்துகால் சத்தியபாய்க்கு ஒரு பெருமை உண்டு. பதினேழு வயதில்தான் அவள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். அந்தக் காலத்தில் ஊரே அவளை 'மரக்கட்டை' என்று கேலி செய்தது. அவள் அம்மா சபையில் முழங்காலில் நின்று ஜெபித்து அழுதாள். கல்யாணமாகி இரண்டு பெண்களைப் பெற்ற பிறகு அந்த அவமானம் எப்படியோ பெருமையாகிவிட்டது.

"நாங்க எல்லாம் அடக்கமா வளந்ததாக்கும்," என்பாள். அடக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

1985இல் மூத்தவள் புஷ்பபாய் பதினோரு வயதிலேயே பெரியபிள்ளையானாள். பெருமை மண்ணைக் கவ்வியது. கணவன் ராஜதாஸோ துபாயில். அவன் தங்கை ஆனந்தபாய் விசாரிக்க வந்தாள்.

"அண்ணன் அனுப்புற பால்பொடியும் தினம் ஒரு முட்டையுமாக்கும் மைனி இதுக்குக் காரணம். இளையவளையாவது பாத்துக்கிடுங்க."

சத்தியபாய் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். எட்டு வயது சுகுமாரிக்கு மறுநாள் முதல் முட்டை இல்லை, பால் இல்லை. மூன்று வேளையும் அரை வயிற்றுக் கஞ்சி. பால்பொடி டின் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. பிள்ளையைப் பட்டினி போடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தாள். பாவம், பிள்ளைப்பாசம் இப்படியும் கண்ணை மறைக்கும்.

இரண்டு மாதம் போனது. முற்றத்தில் அவித்துப் பாயில் காயப்போட்ட மரச்சீனிக் கிழங்கு நாளுக்கு நாள் குறைந்தது. காக்கையாக இருக்கும் என்று கம்போடு போனாள். பாயோரம் குந்தியிருந்தாள் சுகுமாரி, வாய் நிறைய மரச்சீனியோடு. கம்பைக் கண்டதும் கையில் மிச்சமிருந்ததைப் பாயில் திரும்பப் போட்டாள்.

"பசிச்சுது அம்மா. இதைத் தின்னாலும் பெரியபிள்ளை ஆவேனா?"

சத்தியபாய் கம்பைக் கீழே போட்டாள். நிலச்சட்டம் வந்து இந்தப் பத்து சென்ட் சொந்தமாவதற்கு முன் அவள் பிறந்து வளர்ந்த இதே மண் ஜென்மி என்ற நிலக்கிழாருடையது. அவர் காயப்போட்ட மரச்சீனியை எடுத்துத் தின்றதற்காகப் பத்து வயதில் இதே இடத்தில் அவள் அடி வாங்கியிருக்கிறாள். பதினேழு வயது வரை அவளை நிறுத்தி வைத்தது பசி. அந்தப் பசியைத்தான் மகளுக்கும் ஊட்டியிருக்கிறாள்.

அடுக்களைக்குப் போய் இரண்டு முட்டை அவித்து உரித்து வந்தாள். பிள்ளை தொடவில்லை.

"தின்னு மக்கா. வாறது வாற நேரம் வரட்டு."

"நீங்க மட்டும் பதினேழு வயசு வரைக்கும் அடக்கமா இருந்தீங்களே?"

சத்தியபாய் முட்டையைப் பிட்டு அவள் வாயில் வைத்தாள்.

"இல்ல மக்கா. எங்க வீட்டுல அப்ப முட்டை இல்ல."