கடை சாத்தினால்தான் சாப்பாடு

ஹேவாஹெட்டை தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பக்கத்து லயத்து வீட்டில் வளர்ந்த லோகேஸ்வரி அக்காவுக்கு இப்போது கண்டியில் நல்ல வேலை. வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்ப்பவர்கள் ஒரு நாளாவது வெளியே போய்வரட்டும் என்று, அவர்களுக்குப் பதிலாக அக்கா அந்த வீட்டில் போய் இருந்து பார்த்துக்கொள்வார்.

போன மாதம் வத்தேகமையில் புஷ்பவதி அம்மாவின் வீட்டுக்குப் போனார். அம்மாவின் அண்ணன் மகளுக்கு மாத்தளையில் கல்யாணம். மறதி நோய் வந்த கணவர் கதிர்வேலை விட்டுவிட்டு அந்த அம்மா எந்த விசேஷத்துக்கும் போய் வெகு காலமாகிவிட்டது.

"நான் ஊட்டாட்டி சாப்பிட மாட்டாரு. சீனி வருத்தம் வேற, பசியோட இருந்தா மயக்கம் வந்துரும். சாப்பிடலன்னா போன்ல கோல் எடு புள்ள, ஓடி வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மத்தியானம் கதிர்வேல் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். அந்தக் காலத்தில் புடவைக்கடை நடத்தியவர்.

"கடையில ஆள் நிக்குது. இப்பவா சாப்பாடு?" என்று கோபித்தார்.

அக்கா அவரோடு வாதாடவில்லை. கட்டிலில் கிடந்த துணிகளை மடித்து அலுமாரியில் அடுக்கினார். ஜன்னலைச் சாத்தினார். வாசலைப் பார்த்து, "யாவாரம் முடிஞ்சிருச்சு, நாளைக்கு வாங்க!" என்று சத்தம் போட்டார்.

"பூட்டிட்டியா?" என்றார் கதிர்வேல்.

"பூட்டிட்டேன் முதலாளி."

"அப்ப கை கழுவ தண்ணி கொண்டா."

அவர் பாதி சாப்பிடும்போதே போன் அடித்தது. "சாப்பிட்டாரா? நான் வரவா?"

"நீங்க பந்தியில உக்காருங்கம்மா. முதலாளி தன் கையாலயே சாப்பிடுறாரு."

"யாரு, புஷ்பமா?" என்று கதிர்வேல் தலையை நிமிர்த்தினார். "கடைய சாத்திட்டோம்னு சொல்லு. ஆற அமர வரட்டும்."

பொண்ணு மாப்பிள்ளையோடு போட்டோவும் எடுத்துக்கொண்டு, புஷ்பவதி அம்மா கடைசி பஸ்ஸில்தான் வந்து இறங்கினார்.