ஆரின் மாற்றி வைத்த பை

ஆரினின் குரல் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும்வரை ட்வைலா திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏய் கரடி! நாங்க வர்றோம்! முன்னால வர்றது என் பொண்டாட்டி, அவகிட்ட மட்டும் வெச்சுக்காத!”

அந்த மலையில் நடக்கிற எல்லோரும் இப்படித்தான் கத்திக்கொண்டு போவார்கள். திடுதிப்பென்று எதிரில் ஆள் வந்து நின்றால்தான் கரடிக்குக் கோபம். தூரத்திலேயே சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடும். ஆனால் அன்று ட்வைலா அந்தக் கத்தலைக் கேட்டது கரடியை நினைத்தல்ல. ஜூன் மாதம்தான் ஆரினுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஒரு மூச்சில் எத்தனை சொல் வருகிறது என்று எண்ணிக்கொண்டே நடந்தாள். மானை அறுத்துப் பையில் கட்டிக் கிளம்பியபோது பத்துப் பன்னிரண்டு வந்தது. இப்போது ஏழெட்டு.

ஏற்றம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ட்வைலா ஹாகனுக்கு ஐம்பத்தேழு வயது. மாட்டுப் பண்ணையில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவள். ஆண்பிள்ளைக்காகக் காத்திருந்து அலுத்துப்போன அப்பா, பன்னிரண்டாவது வயதில் அவள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். அன்றிலிருந்து நவம்பர் பிறந்தால் ஒரு மான். வீட்டில் வருஷம் முழுக்க மான்கறிதான். கடையில் மாட்டிறைச்சி வாங்குவது விருந்தாளி வந்தால் மட்டும். ஆரினைவிட அவளுக்குக் குறி நன்றாக வரும். ஆனாலும் ஊரில் யாராவது “ஆரின், இந்த வருஷம் நல்ல கலைமானா அடிச்சிட்ட போல” என்றால், அவள் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். பெரிய மகள் கட்டிக்கொண்ட ஆளைப் பற்றியும் ஒன்றும் சொன்னதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். புதுப்புது தலைமையாசிரியர்கள் வந்து உப்பைக் குறை, சீஸைக் குறை என்றபோதெல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தே ஒரு குடும்பத்தை நிம்மதியாக நடத்திவிட முடியும் என்பது அவளுக்குத் தெரியும். நடத்தியும் காட்டியிருந்தாள்.

இந்த வருஷம் வேட்டையே வேண்டாம் என்றுதான் இருந்தாள். டாக்டர் முப்பது பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “ரோட்டுப் பக்கத்துலயே ஏதாவது கிடைக்கும், சும்மா ஒரு நடை போய்ட்டு வரலாம்” என்று ஆரின்தான் இழுத்துக்கொண்டு வந்தான். ரோட்டுப் பக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. முகடு ஏறி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி, வண்டியிலிருந்து ஐந்து மைல் தள்ளித்தான் அந்தக் கலைமான் நின்றது. அடித்திருக்கக் கூடாது. ஆனால் ஆரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு, “ட்வைலா, அதோ” என்று கிசுகிசுத்தபோது கை தானாகவே துப்பாக்கியைத் தூக்கிவிட்டது.

இரண்டு பேருமாக எலும்பை எல்லாம் கழித்துக் கறியை மட்டும் எடுத்தார்கள். எண்பது பவுண்டு தேறியது. கொம்பை அங்கேயே போடச் சொன்னாள்.

“இந்தக் கொம்பயா விட்டுட்டு வரச் சொல்ற?”

“அத வெச்சு என்ன, சூப்பா வெக்கப் போற? போடுய்யா அங்க.”

பின்தொடைக் கறியைக் கட்டிய துணிப் பைகள் இரண்டையும் முதுகுக்கறியையும் தன் முதுகுப்பையில் வைத்தாள், ஐம்பது பவுண்டு. முன்னங்கால் கறியும் உதிரித் துண்டுகளும் ஆரினுக்கு, முப்பது. பிறகு ஒதுங்கிவிட்டு வர மரங்களுக்குள் போனாள். திரும்பி வந்து தன் பையைத் தூக்கியபோதே தெரிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் ஐம்பது பவுண்டு மாவு மூட்டை தூக்கிய கை அது. ஒரு தொடைப் பை, இருபது பவுண்டு, அதில் இல்லை. ஆரின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு விசிலடித்தபடி தன் பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை வரும். நான் என்ன நோயாளியா, என்னை என்னவென்று நினைத்தாய் என்று ஆரம்பிப்பான். ஜூன் மாதத்திலிருந்து அதே பாட்டுத்தான். அதோடு, மூன்று மணி நேரம் குனிந்து அறுத்ததில் அவளுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. பை லேசாக இருந்தது சுகமாகவும் இருந்தது. வாரை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

முதல் மைலில் அண்டங்காக்கைகள். மானின் குடலைப் போட்டுவிட்டு வந்த இடத்தில் இருபது முப்பது உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று அத்தனையும் ஒன்றாக எழும்பி மரத்துக்கு மேலே போயின. கத்தலும் நின்றது.

“யாரோ சாப்பிட வந்துட்டாங்க” என்றான் ஆரின்.

“வந்தவங்க அங்கயே உக்காந்து சாப்பிட்டா சரி.”

“அதான் கொம்போட தலையும் வெச்சுட்டு வந்திருக்கோமே. இதுக்கு மேல என்ன வேணுமாம், பள்ளிக்கூடத்து மக்ரோனியா?”

அவள் சிரித்தாள். பதினொரு சொல் ஒரே மூச்சில் வந்தது என்ற நிம்மதி.

முகட்டுக்குப் போகும் பாதை கொண்டை ஊசி வளைவுகளாக ஏறியது. பனி கணுக்கால் அளவு கிடந்தது. வளைவுக்கு வளைவு ஆரின் நின்றான். பையை முதுகிலிருந்து இறக்காமலே மேட்டில் சாய்ந்துகொண்டான். அவன் எழுந்த இடத்தில் பனியின்மேல் சிவப்பாக ஒரு கறை இருந்தது. தொடைப் பை கசிந்துகொண்டிருந்தது.

“ஏய் கரடி! இங்க பாரு...” என்று தொடங்கி நிறுத்தினான்.

மூன்றாவது வளைவில், “ஏய் கரடி” மட்டும்.

ட்வைலா நின்றாள். “பைய மாத்திக்கலாமா? எனக்குக் குளிருது, கொஞ்சம் சுமந்தாத் தேவல.”

“முன்னால பாத்து நடடி கிழவி. உன் வேகத்துக்கு நடந்தா ஈஸ்டருக்குத்தான் வீட்டுக்குப் போவோம்.”

அந்த ஏச்சு முழுசாக வந்தது. அதை நம்பிக்கொண்டு நடந்தாள். தனக்கு எது வசதியோ அதைத்தான் நம்பினோம் என்று பின்னால் அவளே நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வளைவைத் தாண்டியபோது கத்தலே இல்லை. பூட்ஸ் பனியை மிதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. திரும்பினாள். ஆரின் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றான். அவனுக்கு நேர் கீழே, இரண்டு வளைவுக்கு முன்னால் அவன் சாய்ந்திருந்த அதே மேட்டில், பழுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. தோளுக்கு மேல் திமில். தலையைக் கவிழ்த்துப் பனியை நக்கிக்கொண்டிருந்தது. நூற்றைம்பது அடிகூட இருக்காது. நக்கி முடித்துவிட்டுப் பாதையோடு நிதானமாக இரண்டு எட்டு வைத்தது. அவர்கள் பக்கம் அது அண்ணாந்து பார்க்கவே இல்லை. எங்கே இருக்கிறார்கள் என்று அதற்குப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

“ஆரின். கத்து.”

அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. முகம் மெழுகுபோல் இருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை.

“கை மரத்துப்போச்சு” என்றான். “வார் இறுக்குது. வேற ஒண்ணுமில்ல.”

“எந்தக் கை?”

அவன் இடது கையை உதறிக்கொண்டான். ட்வைலா கிட்டே போய் அவன் மார்பின் குறுக்கே இருந்த கொக்கியைக் கழற்றினாள்.

“என்ன பண்ற? விடு. கறிய மலையில... விட்டுட்டுப் போறவன் இல்ல நான். வீணாக்கினா... சட்டப்படி குத்தம்...”

“சட்டத்த நான் பேசிக்கிறேன். கைய நீட்டு.”

“நம்ம வீட்டுல யாரும்...”

“கைய நீட்டுன்னேன்.”

குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் கழற்றினாள். பை கையில் கனத்தது. ஐம்பது. அவளுக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. அதைப் பாதை விளிம்பிலிருந்து கீழே உருட்டிவிட்டாள். தன் பையையும் கழற்றி உருட்டினாள். ஒரு குளிர்காலத்துச் சாப்பாடு சரிவில் புரண்டு போனதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவன் சட்டைப் பையில் துழாவி மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தாள். துப்பாக்கியைத் தோளில் மாட்டினாள். ஒரு கையில் கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே டப்பா. இன்னொரு கையை அவன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

முகட்டைத் தொடும்போது கீழே துணி கிழியும் சத்தம் கேட்டது. நீளமாக, அவசரமில்லாமல். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. கரடி அங்கேயே இருக்கிறதா, அல்லது இந்தப் பக்கமும் இறங்கி வருகிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மிச்சமிருந்த இரண்டு மைலும் இறக்கம்தான். அவள்தான் கத்திக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கத்திப் பழக்கமில்லை. குரல் நடுவில் உடைந்து உடைந்து போயிற்று. ஆரின் இரண்டு தடவை உட்கார்ந்தான். இரண்டாவது தடவை எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. மரங்களுக்கிடையில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அவனைத் தூக்கி நிறுத்திக்கொண்டே பின்னால் பாதையைப் பார்த்தாள். பாதை காலியாக இருந்தது. காலியாக இருந்ததிலும் ஆறுதல் இல்லை.

வண்டியை எடுத்து முப்பத்தைந்து மைல் ஓட்டி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ், ட்வைலா ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட்டு வளர்ந்த பிள்ளை, காலீன்.

“மிசஸ் ஹாகன், நீங்களா? என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே ஆரினின் சட்டையைத் திறந்து ஒயர்களை ஒட்டினாள். திரையில் கோடு ஓட ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் அவள் பேச்சு மாறியது. “மிஸ்டர் ஹாகன், எப்ப ஆரம்பிச்சுது? ஏதாவது தூக்கினீங்களா? எவ்வளவு இருக்கும்?”

“முப்பது” என்றான் ஆரின். “டாக்டர் சொன்ன அளவுதான். அதுக்கு மேல ஒரு அவுன்ஸ்கூட இல்ல.”

“ஐம்பது” என்றாள் ட்வைலா. “மூணு மைல். அதுல பாதி செங்குத்து ஏத்தம். ஏத்தத்துலயே ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு மணி நேரம் ஆவுது.”

காலீன் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, டாக்டரைக் கூப்பிட வேகமாக வெளியே போனாள். அவளுடைய ரப்பர் செருப்புச் சத்தம் நடையில் ஓடுவதுபோல் கேட்டது.

ஆரின் தலையைத் திருப்பிப் பார்த்தான். “உனக்குத் தெரியுமா?”

“பையத் தூக்கினப்பவே தெரியும்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

அவள் யோசித்தாள். நல்லதாகச் சொல்ல என்னென்னவோ இருந்தது.

“இடுப்பு வலிச்சுது” என்றாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமா, சிரிப்பா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மூன்று பேர் உள்ளே வந்து, கட்டிலின் பிரேக்கைக் காலால் தட்டி, அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூடவே போன ட்வைலாவைக் கதவருகில் ஒரு கை நிறுத்தியது.